தேவனுடைய குணம் நம் அன்றாட வாழ்க்கையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும் வாலிபர் கூடுகையிலும், ஆராதனை முடிந்து ஆலயத்துக்கு வெளியே நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டு மூன்று வரியிலும் பதில் எழுதியிருக்கிறேன். வசனங்களை நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

தேவனுடைய குணத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எந்தக் குணத்தை?

நியாயமான கேள்வி. தேவன் எங்கும் இருக்கிறவர், எல்லாம் அறிந்தவர், சர்வவல்லவர். இவற்றை நம்மால் பிரதிபலிக்க முடியாது. முயற்சி செய்தால்தான் ஆபத்து. எல்லாம் அறிந்தவர்போல் நடந்துகொள்கிற ஒருவராவது உங்கள் சபைக் கமிட்டியில் இருப்பார்.

நாம் பார்க்க வேண்டிய இடம் யாத்திராகமம் 34. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கி, மோசே கற்பலகைகளை உடைத்துப்போட்ட பிறகு நடப்பது அது. "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று முந்தின அதிகாரத்தில் மோசே கேட்கிறான். மின்னலையோ இடியையோ எதிர்பார்த்திருப்பான். கர்த்தர் அவனுக்கு முன்பாகக் கடந்துபோகையில் தம்மைப் பற்றித் தாமே சொல்வது இதுதான்: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." அடுத்த வசனம், அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்றும் குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது.

பழைய ஏற்பாட்டில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணாகமம் 14, நெகேமியா 9, சங்கீதம் 86, 103, 145, யோவேல் 2 எல்லாவற்றிலும் பார்க்கலாம். யோனாவும் இதையே சொல்கிறான், அதுவும் எரிச்சலோடு. அதைப் பின்னால் பார்ப்போம். ஆக, இரக்கம், பொறுமை, நம்பத்தகுந்த தன்மை, நீதி ஆகிய நான்கையும் பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடும். இந்தக் குணங்கள் ஒரு மனிதருக்குள் எப்படி நடமாடும் என்பதைச் சுவிசேஷங்கள் காட்டுகின்றன. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று இயேசு பிலிப்புவிடம் சொன்னாரே.

எல்லா மனிதரும் தேவசாயலில்தான் படைக்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கு மட்டும் என்ன தனி?

தேவசாயல் எல்லாருக்கும் உண்டு, சந்தேகமே இல்லை. அதனால்தான் யாக்கோபு தன் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், தேவனைத் துதிக்கிற அதே நாவால் தேவசாயலில் உண்டான மனுஷனைச் சபிக்கிறோமே என்று கடிந்துகொள்கிறார். அவர் சொல்கிற "மனுஷன்" விசுவாசி மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், பேருந்து நடத்துநர், நமக்குப் பிடிக்காத கட்சிக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். கிறிஸ்தவருக்கு இருப்பது ஒரு பொறுப்பு: யாருடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறோமோ, அவருடைய குணம் நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க மற்றவர்களுக்கு உரிமை உண்டு.

பரிசுத்தமாக வாழ்வது என்றால் சினிமா, மது, நகை இவற்றை விடுவதுதானே?

அப்படித்தான் நம்மில் பலர் கேட்டு வளர்ந்தோம். விடுவதில் தவறில்லை. மதுவால் நாசமான குடும்பங்களைப் பார்த்தவர்கள் அதை லேசாகப் பேசமாட்டார்கள். ஆனால் "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளை வருகிற லேவியராகமம் 19-ஐ ஒரு தடவை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்துக்குக் கீழே என்னென்ன வரிசையாக வருகிறது என்று கவனியுங்கள்.

அறுவடையில் வயலின் ஓரங்களைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே. அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவனுக்கும், உரியது. களவு செய்யாதே, பொய் சொல்லாதே. "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே. நியாயத்தீர்ப்பில் ஏழை என்றும் முகம் பார்க்காதே, பெரியவன் என்றும் முகம் பார்க்காதே. கோள் சொல்லித் திரியாதே. உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு. முதிர்வயதுள்ளவன் வந்தால் எழுந்து நில். பரதேசியைச் சிறுமைப்படுத்தாதே. தராசும் படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும்.

கூலி, எடை, வதந்தி, கண் தெரியாதவரின் பாதை. பரிசுத்தம் இறங்கி வருகிற இடங்கள் இவை. செவிடனை நிந்தித்தால் அவனுக்குக் கேட்காது. குருடனுக்கு முன்னால் கல்லை வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. நம்மிடம் திருப்பிக் கேட்க முடியாதவர்களிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்பதில்தான் அந்த அதிகாரம் கண் வைத்திருக்கிறது. என் கணக்கில், முழுக் கேள்விக்குமே அதுதான் மையம்.

இன்று அதை எங்கே பொருத்துவது? வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி கையில் போகிறதா, ஐந்து, ஏழு என்று இழுக்கிறதா? அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா? கடைப் பையன் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா? கொத்தனாருக்குப் பேசிய தொகையில் கடைசி ஆயிரத்தைப் பிடித்துவைத்து அலையவிடுகிறோமா? உபாகமம் 24-இல் இதே கூலிச் சட்டம் இன்னொரு தடவை வருகிறது. அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாய் இருக்கிறான், பொழுதுபோகுமுன் கொடு, இல்லாவிட்டால் உன்னைக் குறித்துக் கர்த்தரை நோக்கி முறையிடுவான் என்று காரணத்தையும் சொல்கிறது. நாம் குடும்ப ஜெபம் செய்கிற அதே நேரத்தில் நம்மைப் பற்றி இன்னொரு ஜெபமும் ஏறிக்கொண்டிருக்கலாம்.

வியாபாரத்தில் முழு உண்மை பேசினால் பிழைக்க முடியுமா?

நஷ்டம் வரலாம். வராது என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. "நேர்மையாய் இரு, கர்த்தர் உன் வருமானத்தை இரட்டிப்பாக்குவார்" என்கிற பிரசங்கங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11 சொல்கிறது. லாபம் குறையும், கூடும் என்ற கணக்கே அந்த வசனத்தில் இல்லை.

நம்பத்தகுந்தவராக இருப்பது ஊருக்கு என்ன செய்யும் என்பதற்குத் தஞ்சாவூர் வரலாற்றில் ஒரு சம்பவம் உண்டு. ஜெர்மனியிலிருந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஷ்வார்ட்ஸ் ஐயர் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தவர். ஹைதர் அலியோடு நடந்த போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே நெல் இருந்தது, ஆனால் முன்பு வாங்கிய நெல்லுக்கு ஒழுங்காகப் பணம் கொடுக்காததால் அரசை நம்பி யாரும் மாடு பூட்ட வரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஷ்வார்ட்ஸ் சொன்ன பிறகுதான் வண்டிகள் வந்தன, பேசியபடி பணமும் போய்ச் சேர்ந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1779-இல், கம்பெனி தூதனுப்ப நினைத்தபோது ஹைதர் அலியும் அவரையே அனுப்பச் சொன்னார்; அந்த மனிதர் தன்னை ஏமாற்றமாட்டார் என்று ஹைதர் நினைத்தார். விவசாயிகளும் ஹைதரும் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருடைய உபதேசத்தை ஏற்காதவர்களும் அவருடைய வார்த்தையை நம்பினார்கள்.

அப்படிப்பட்டவர் சபைக்குள் ஜாதி வேறுபாட்டை அதிகம் தொடாமல் விட்டார் என்பதும் வரலாறுதான். ஒரு குணத்தில் தேறினவர் எல்லாவற்றிலும் தேறிவிடுவதில்லை.

ஜாதியைப் பற்றி ஏன் இங்கே பேச வேண்டும்? அது சமுதாய விஷயம் அல்லவா?

தேவனைப் பற்றி வேதம் சொல்கிற குணங்களில் ஒன்று, அவர் பட்சபாதம் பண்ணாதவர் என்பது. உபாகமம் 10 அதைச் சொல்கிறது. ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டில் நின்று பேதுருவும் அதையே சொல்கிறார். அதே பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை. "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" அவர்கள் நடக்கவில்லை என்று எல்லார் முன்பாகவும் கேட்டார் (கலாத்தியர் 2). யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பது சுவிசேஷத்தின் விஷயம் என்று முதல் நூற்றாண்டிலேயே முடிவாகிவிட்டது.

நம்முடைய கதை நீளமானது. தமிழ்நாட்டுச் சபைகளில் தனித்தனி இருக்கை, தனித்தனி கல்லறை எல்லாம் இருந்தன. கல்லறைச் சுவர்கள் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் ஜாதி வேறுபாட்டை உடனே, முற்றிலுமாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஜாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டுப் போனார்கள்.

மறுபக்கமும் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேசினார். மிஷனெரிகள் செய்த தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பைப் பற்றிய ஒன்று கொரிந்தியர் 13-ஐ அவர்கள் முன்னாலேயே திருப்பி வைத்தார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான்.

அன்று அவர் வெள்ளைக்காரர்களிடம் கேட்டதை இன்று நாம் ஒருவரையொருவர் கேட்கலாம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அசனப் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, அழகான வழக்கம். ஆனால் அந்தப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரின் மகன் நம் மகளைப் பெண் கேட்டு வந்தால்? கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் "இரட்சிக்கப்பட்ட" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே ஜாதிப் பெயரும் வருகிறது. இதற்கு எந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

சபையில் எல்லாரிடமும் அன்பாகப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் கோபம் வருகிறது. ஏன்?

சபையில் கோபப்பட்டால் விலை கொடுக்க வேண்டும், வீட்டில் வேண்டாம். பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான். மேலதிகாரியிடம் அடக்க முடிகிற கோபத்தை மனைவியிடமும் பிள்ளையிடமும் அடக்க முடியவில்லை என்றால், அது "என் சுபாவமே அப்படி" என்பது அல்ல. ஆளைப் பார்த்து வருகிற கோபம் அது.

தேவன் கோபமே படாதவர் என்று வேதம் சொல்லவில்லை. நீடிய சாந்தமுள்ளவர் என்கிறது. கோபத்துக்கு அவர் நேரம் எடுத்துக்கொள்கிறார். நாமும் நேரம் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் மார்க் ஷீட்டைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாம். வாக்குவாதத்தின் நடுவில் எழுந்துபோய் வெளியே பத்து நிமிஷம் நடந்துவிட்டு வரலாம். எபேசியர் 4, சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியட்டும் என்கிறது. வாரக்கணக்கில் பேசாமல் இருந்து தண்டிக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கத்தவில்லை என்பதால் அதைப் பொறுமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மன்னிக்க வேண்டும் என்றால் நடந்ததை வெளியே சொல்லாமல் இருக்க வேண்டுமா?

இல்லை. இதில் நம் சபைகள் நிறையப் பேரைக் காயப்படுத்தியிருக்கின்றன. குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதும், பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரைச் "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பதும் மன்னிப்பு ஆகாது. மன்னிக்கிறவர் என்று சொன்ன அதே வாயால்தான் குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் கர்த்தர் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்தால் தேவனுடைய குணத்தைப் பாதியாக்கிவிடுகிறோம்.

அடிபடுகிறவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். போதகருக்கும் மூப்பருக்கும் அதில் விலக்கு இல்லை.

மனக்கசப்பை விடுவது வேறு, பழைய உறவுக்குத் திரும்புவது வேறு. இரண்டாவதற்கு எதிராளி மனந்திரும்பியிருக்க வேண்டும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லி நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கும் சொன்னான்.

எனக்குக் கெடுதல் செய்தவர் நன்றாக இருக்கிறார். அதைப் பார்க்க முடியவில்லை. இது பாவமா?

நினிவேக்குப் போய்ப் பிரசங்கிக்கக் கர்த்தர் அனுப்பிய தீர்க்கதரிசி யோனாவின் பிரச்சினை இதுதான். நினிவே அசீரியாவின் மகாநகரம். அசீரியரின் கொடுமை ஊரறிந்தது. அவர்கள் மனந்திரும்பியதும் கர்த்தர் அழிக்காமல் விட்டார். யோனா கடுங்கோபமாகி, நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ள தேவன் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறான். மோசே தலைகுனிந்து கேட்ட அதே வார்த்தைகளை யோனா குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொல்கிறான். தேவனுடைய குணம் அவனுக்கு மனப்பாடம். தனக்கு வேண்டும், எதிரிக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

உங்கள் வலி பாவமல்ல. அதை யோனாவைப்போலக் கர்த்தரிடமே கொட்டலாம். அவர் அவனை விரட்டாமல் உட்கார்ந்து பேசினார். கெடுதல் செய்தவரின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபிக்கப் பாருங்கள். "அவனுக்கும் வெயிலும் மழையும் கொடும்" என்று தொடங்கினால் போதும், மத்தேயு 5-இல் பிதா செய்வதும் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை.

தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறேன். அது போதாதா?

ஒற்தலாமிலும் (புதினாவிலும்) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்தவர்களிடம்தான் "நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும்" விட்டுவிட்டீர்கள் என்று இயேசு சொன்னார். அதையும் செய்யுங்கள், இதையும் விடாதிருங்கள் என்றார்.

வாட்ஸ்அப்பில் வருவதை ஃபார்வர்ட் செய்வதில் என்ன இருக்கிறது?

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை விரலுக்கும் பொருந்தும். உண்மையா என்று தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். அடுத்த மதத்தாரைக் கேலி செய்கிற செய்தியை, உண்மையாகவே இருந்தாலும், அனுப்பாதீர்கள். "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து ஒரு குடும்பத்தின் ரகசியத்தைக் குழுவில் போடுவதும் கோள்தான்.

இதெல்லாம் நம் முயற்சியில் நடக்கிற காரியமா? எல்லாம் கிருபைதானே?

இரண்டு பக்கமும் தப்பிக்க வழி தேடுகிற கேள்வி இது. முயற்சி மட்டும் என்றால் நாலு நாளில் சோர்ந்துபோவோம், அல்லது அதைவிட மோசமாகப் பெருமை வந்துவிடும். கிருபை மட்டும் என்று சாய்ந்து உட்கார்ந்தால் கொத்தனாரின் ஆயிரம் ரூபாய் நம் பையிலேயே இருக்கும். பிலிப்பியர் 2-இல் பவுல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கிறார்: உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன். கலாத்தியர் 5 அன்பையும் நீடியபொறுமையையும் ஆவியின் கனி என்கிறது. மாங்காய் காய்க்க மரம் முக்கி முனகுவதில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் யாராவது வெயிலில் நிற்கத்தான் வேண்டும். வேதவாசிப்பு, ஜெபம், திருவிருந்து, நம்மைத் தட்டிக்கேட்கிற ஒரு நண்பர் எல்லாம் அந்த வேலைதான்.

என்னில் மாற்றம் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்கே தெரியாமல் போகலாம். சீனாய் மலையிலிருந்து இறங்கியபோது தன் முகம் பிரகாசித்திருந்ததை மோசே அறியாதிருந்தான் என்று யாத்திராகமம் 34:29 சொல்கிறது. ஆரோனும் ஜனங்களும்தான் பார்த்தார்கள். அதனால் மேடையில் உங்களைப் புகழ்கிறவர்களை விட்டுவிட்டு, உங்கள் கையை எதிர்பார்த்து வாழ்கிறவர்களைக் கவனியுங்கள். உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறார்களா? ஆபீஸில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் ஒரு தவறைத் தானே வந்து உங்களிடம் சொல்கிறாரா, மறைக்கிறாரா?

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுப்பார்கள், நல்லது. உபாகமம் 6, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசு என்கிறது. கடைக்காரர் தவறுதலாக அதிகமாய்க் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளையையே அனுப்புங்கள். வேலைக்கு வருகிறவரைப் பெயர் சொல்லி அதட்டவிடாமல் அக்கா, அண்ணன் என்று கூப்பிடப் பழக்குங்கள். நீங்கள் அவர்களிடம் அநியாயமாகக் கத்திவிட்டால் அவர்களிடமே மன்னிப்புக் கேளுங்கள், "ஆனா நீயும்தான்..." என்று பின்னால் ஒரு வால் சேர்க்காமல்.